அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் 'சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்': இதை மாற்ற வழி இருக்கிறதா?

காசிமேடு_கரை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1997-ல் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்து 2009 கடைசியில் வெளியே வந்தார். பென்ஷன் இல்லை. கேட்டால் "அனுப்பிட்டாங்க, விடு" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். இப்போது மணலிப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை வந்தது, முன்னாள் படைவீரர் அட்டை இருந்தால்தான் என்றார்கள், அட்டைக்குப் போனால் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு இது ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்கைக்கு முன்னாள் படைவீரர் பிள்ளைகள் கோட்டாவில் சீட்டு கேட்கலாம் என்று நினைத்திருந்தோம், அதுவும் அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்', அதாவது இவருடைய சேவை இனித் தேவையில்லை என்று. விதி 13(3) என்று போட்டுப் பக்கத்தில் ரோமன் எண்ணில் மூன்று, அப்புறம் (v). கேரக்டர் என்ற இடத்தில் 'ஃபேர்'. நான்கு ரெட் இங்க் என்ட்ரி, அதாவது சிவப்பு மையில் ஏற்றிய தண்டனைப் பதிவு, இருந்ததாம். அதில் ஒன்று எனக்கே தெரியும். சுனாமி வந்த டிசம்பரில் அப்பா லீவில் வீட்டில் இருந்தார், துறைமுகத்துக்குப் பின்னால் கரையோரம் எங்கள் வீடு போய்விட்டது, பாட்டி ஆஸ்பத்திரியில். லீவ் முடிந்தும் அவர் கிளம்பவில்லை. போனதும் தண்டனை. இதை எல்லாம் இப்போது யாரிடம் சொல்வது, சொன்னால் அந்த வரி மாறுமா?

வியாசை_87:
தம்பி, கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு ரெட் இங்க் என்றால் சும்மா வந்திருக்காது. என் சித்தப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர், ஒரு தண்டனை கூட இல்லாமல் வெளியே வந்தார். பழையதைக் கிளறி வக்கீலுக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் வேறு வேலை பார்க்கலாமே.

பழைய_கிளார்க்:
பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். யூனிட் ஆபீசிலும் ரெக்கார்ட் ஆபீசிலும் (படையினரின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் ஆபீஸ்) கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வியாசை தம்பி சொல்வதை முழுக்கத் தள்ளமாட்டேன், ஆனால் காகிதத்தைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் பேசக்கூடாது.

முதலில் ஒரு விஷயம். இராணுவத்திலிருந்து வெளியே போவதில் டிஸ்மிஸல், ரிமூவல், டிஸ்சார்ஜ் என்று மூன்று உண்டு. நம் ஊரில் மூன்றையும் சேர்த்து 'துரத்திட்டாங்க' என்றுதான் சொல்வார்கள். ஆனால் கணக்கு அப்படி இல்லை. டிஸ்மிஸ் ஆனவருக்கு முந்தைய சர்வீஸ் முழுவதற்கும் பென்ஷனும் கிடையாது கிராஜுவிட்டியும் கிடையாது, குடியரசுத் தலைவர் விருப்பப்பட்டு விதிவிலக்காகக் கொடுத்தால் உண்டு. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அப்படி இல்லை. உன் அப்பாவுக்கு விதி 13 போட்டிருப்பதால் அது டிஸ்சார்ஜ். கோர்ட் மார்ஷல் இல்லை, டிஸ்மிஸல் இல்லை. இதை முதலில் வீட்டில் அப்பாவிடமே சொல். நிறையப் பேர் தங்களை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு பதினைந்து இருபது வருஷம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இராணுவ விதிகள் 1954-ல் 13-வது விதிக்கு ஒரு அட்டவணை உண்டு. யாரை, எந்தக் காரணத்துக்காக, யார் டிஸ்சார்ஜ் செய்யலாம் என்று. அதில் வேறு எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்களைப் போடும் கடைசிக் கட்டம்தான் உன் அப்பாவுக்குப் போட்டது. அதனாலேயே அதை எடுத்துப் போடும்போது யூனிட் காகித வேலையை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். செய்தார்களா என்பதுதான் கேள்வி. 'ஃபேர்' என்ற சொல்லை விடு, அது பின்னால் வருவது. சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) கண்டக்ட் ஷீட்டை, அதாவது தண்டனைகளைப் பதியும் தாளை, பார்த்துப் போடுவது. நான்கு சிவப்பு வரி இருக்கிற ஷீட்டுக்கு 'எக்ஸெம்ப்ளரி' யாரும் போடமாட்டார்கள்.

காசிமேடு_கரை:
சார், மிக்க நன்றி. டிஸ்மிஸ் இல்லை என்று நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே படித்தார். அப்புறம் 'ஏன் அனுப்பக்கூடாது' என்று கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் ஒன்று கொடுத்தார்கள், ஆங்கிலத்தில் இருந்தது, பதில் யாரோ எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன் என்றார். விசாரணை மாதிரி எதுவும் நடந்ததா என்றால் ஞாபகமில்லை என்கிறார்.

மணலி_பிட்டர்:
யூடியூபில் பார்த்தேன், டிடி 293 என்று ஒரு ஃபாரம் இருக்கிறதாம், அதை நிரப்பி அனுப்பினால் டிஸ்சார்ஜை 'அப்கிரேட்' செய்து தருகிறார்களாம். நம்ம ஊரிலும் இருக்கும் போல, தேடிப் பாருங்கள்.

மிண்ட்_வழக்கறிஞர்:
அது அமெரிக்க இராணுவத்துக்கு. அங்கே டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றில் 'ஹானரபிள்', 'ஜெனரல்', 'அதர் தேன் ஹானரபிள்' என்று சர்வீசின் தன்மையையே எழுதிவிடுவார்கள். அதை மாற்ற டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுக்கு 15 வருஷத்துக்குள் டிடி 293. அந்தக் கெடு தாண்டியவர்களும் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் போனவர்களும் டிடி 149 போட்டு இன்னொரு போர்டுக்குப் போக வேண்டும். போர் அதிர்ச்சியால் மனநலம் கெட்டு அதனால் தவறு செய்தவர்களைத் தாராளமாகப் பாருங்கள் என்று 2014-ல் அவர்கள் பாதுகாப்புத் துறையே அந்த போர்டுகளுக்குச் சொன்னது. இங்கே அப்படித் தனி போர்டு கிடையாது. இராணுவத்துக்கு மனு, அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அவ்வளவுதான் பாதை.

காசிமேடு தம்பிக்கு: அந்த நான்கு ரெட் இங்க் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் வீரேந்திர குமார் துபே வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. இராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28 அன்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. இப்படி அனுப்புவதற்கு முன் ஒரு பூர்வாங்க விசாரணை நடக்க வேண்டும், பிறகு ஷோ காஸ் நோட்டீஸ், பதிலைப் பரிசீலிக்க வேண்டும் என்று. அதே கடிதத்தில், நான்கு ரெட் இங்க் வந்துவிட்டது என்பதற்காகவே டிஸ்சார்ஜ் செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, ஒவ்வொரு என்ட்ரியும் என்ன குற்றத்துக்கு வந்தது, ஆள் எத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறார், எந்த மாதிரிக் கடினமான இடங்களில் இருந்திருக்கிறார், பென்ஷன் கிட்டத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் செய்யுங்கள் என்றும் இருக்கிறது. விசாரணையே நடக்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து அனுப்பியது செல்லாது என்று துபே வழக்கில் சொல்லி, பென்ஷனுக்குத் தேவையான காலம் முடியும் வரை அவர் சர்வீசில் இருந்ததாகக் கருத வேண்டும் என்றார்கள். பழைய சம்பளம் மட்டும் இல்லை.

வியாசை_87:
அப்போ ரெட் இங்க் வாங்கின எல்லோரும் கோர்ட்டுக்குப் போனால் பென்ஷன் வந்துவிடுமா? பக்கத்தில் ஒழுங்காக டியூட்டி பார்த்தவன் என்ன முட்டாளா?

மிண்ட்_வழக்கறிஞர்:
வராது. 2019-ல் சத்குர் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் டிஸ்சார்ஜ் சரி என்றது. திரும்பத் திரும்ப ஆப்சென்ட் ஆனவர், ஷோ காஸ் கொடுத்துப் பதில் வாங்கிப் பரிசீலித்திருக்கிறார்கள், பூர்வாங்க விசாரணை என்றால் நீண்ட சாட்சி விசாரணை என்று அர்த்தமில்லை என்றார்கள். ஆகவே துபே தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினால் எதிர்த்தரப்பு சத்குர் சிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் அப்பா கேஸ் இரண்டில் எந்தப் பக்கம் விழுகிறது என்பது ஃபைலில் இருக்கிறது. அது இல்லாமல் நான் பேசுவதெல்லாம் வாய்ப்பேச்சு.

பழைய_கிளார்க்:
வியாசை தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், அதற்கு ஒரு பதில் சொல்கிறேன். ரெட் இங்க் என்பது திருட்டுக்கும் வரும், குடித்துவிட்டுச் சண்டை போட்டதற்கும் வரும், தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவன் ரயில் டிக்கெட் கிடைக்காமல் நாலு நாள் லேட்டாகப் போனதற்கும் வரும். சி.ஓ. முன்னால் நிறுத்தி 28 நாள் வரை இராணுவக் காவல் கொடுக்கலாம், கொடுத்தால் சிவப்பு மையில் ஏறிவிடும். ஷீட்டில் பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு. அதனால்தான் ஒவ்வொன்றும் எதற்கு வந்தது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் இருந்த காலத்தில் பல ஆபீசில் அதைப் பார்க்கவில்லை, எண்ணினார்கள், நாலு ஆனதும் ஃபைல் ஓடியது. இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

காசிமேடு தம்பி, சுனாமி விஷயத்தை லேசாக விடாதே. லீவ் முடிந்தும் வராதது இராணுவச் சட்டம் 1950-ல் 39-வது பிரிவு. அதில் 'போதிய காரணம் இல்லாமல்' லீவைத் தாண்டி நின்றால்தான் குற்றம். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் காசிமேட்டில் வீடு போனவனுக்குப் போதிய காரணம் இல்லை என்று எவன் சொல்வான்? அப்பா வாயால் சொன்னால் போதாது, அன்றைக்கு இருந்த காகிதம் வேண்டும். நிவாரணம் வாங்கியதற்கான தாலுகா ஆபீஸ் சீட்டு, டோக்கன், பாட்டியின் ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய ரேஷன் கார்டில் அந்த முகவரி, புது வீடு ஒதுக்கியிருந்தால் அந்த ஆர்டர். யூனிட்டுக்குத் தந்தி அடித்தாரா, எஸ்.டி.டி. போட்டாரா என்றும் கேள்.

எண்ணூர்_அக்கா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என் வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார், போன வருஷம் தவறிவிட்டார். டிஸ்சார்ஜ் புக்கில் என் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. குடும்பப் பென்ஷன் நிற்கிறது. இதற்கும் தீர்ப்பாயம் போகணுமா?

பழைய_கிளார்க்:
வேண்டாம்மா. இது எழுத்துத் திருத்தம், அது வேறு சாதி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட், ஆதார், கல்யாணப் பதிவு அல்லது பள்ளிச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புங்கள். அவர்கள் பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் பதிவைத் திருத்தும் உத்தரவு) போட்டுப் பெயரைத் திருத்தினால் பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவிலும் ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்திலும் மாறும். நேராக பேங்கில் போய் நின்று சண்டை போட்டுப் பிரயோசனமில்லை, அவர்களால் முடியாது. பிறந்த தேதி என்றால்தான் கஷ்டம், பெயர் என்றால் நடக்கும்.

டோல்கேட்_நேவி:
ரெக்கார்ட் ஆபீஸ் எங்கே என்று தெரியாமல் பலர் டெல்லிக்கு எழுதுகிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்திராபாத். எங்கள் கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

காசிமேடு_கரை:
ஃபைல் எடுக்க ஆர்.டி.ஐ. போட்டால் போதுமா? நான் போடலாமா, அப்பாதான் போடணுமா?

பழைய_கிளார்க்:
அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில். நீ போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிடுவார்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் இந்தியத் தரைப்படையைத் தேர்ந்தெடுத்துப் போடு. படை எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, ஆதார் நகல். கேட்க வேண்டியது: ஷீட் ரோல் (சர்வீஸ் பதிவேடு) முழு நகல், கண்டக்ட் ஷீட், ஒவ்வொரு தண்டனைக்குமான குற்றப்பத்திரிகையும் சம்மரி ட்ரையல் (சி.ஓ. முன் நடந்த சுருக்க விசாரணை) காகிதமும், பூர்வாங்க விசாரணைக் கோப்பு, ஷோ காஸ் நோட்டீஸ், அதற்கு அவர் கொடுத்த பதில், டிஸ்சார்ஜ் உத்தரவு, அதை அனுமதித்த அதிகாரியின் உத்தரவு. 'என்னை ஏன் அனுப்பினீர்கள்' என்று கேள்வி கேட்காதே, ஆர்.டி.ஐ.யில் காகிதம்தான் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

தாமதிக்கவும் கூடாது. பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற பதிவேட்டில் ஒரு வரிதான் மிஞ்சும். உன் அப்பாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. 2000-களின் முதல் சில வருஷங்களில் வெளியே வந்தவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே போடுங்கள்.

இன்னொன்று. 23-வது பிரிவின்படி வெளியே போகிறவருக்கு சி.ஓ. ஒரு சான்று கொடுக்க வேண்டும், ஆங்கிலத்திலும் அவருடைய தாய்மொழியிலும். யார் உத்தரவு, என்ன காரணம், எத்தனை காலம் சர்வீஸ் என்று அதில் இருக்க வேண்டும். அந்தத் தமிழ்ப் பிரதி பெட்டியில் இருக்கிறதா பார்.

மிண்ட்_வழக்கறிஞர்:
காலதாமதம்தான் உங்கள் கேசில் பெரிய பாறை, அதை மறைக்கமாட்டேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-ல் 22-வது பிரிவு, இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம். மனுக் கொடுத்து ஆறு மாதம் பதிலில்லை என்றால் அதற்கடுத்த ஆறு மாதம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும். 'தெரியாது' என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள். தனக்குக் கொடுத்த காகிதம் என்ன என்றே விளங்காதது, குடும்ப நிலை, உடல்நிலை இருந்தால் அதன் சான்று, எல்லாம் தேதி வாரியாக வேண்டும்.

இப்போது ஒரு மனு கொடுத்து, அதை நிராகரித்தார்கள், இனிப் புதிதாகக் கெடு ஆரம்பம் என்று சிலர் ஐடியா கொடுப்பார்கள். சி. ஜேக்கப் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் இந்தத் தந்திரத்தை மூடிவிட்டது, செத்துப்போன கோரிக்கைக்கு யாரோ பதில் எழுதியதால் அது உயிர் பெறாது என்று. ஆனாலும் மனு கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இருக்கிற வழிகளைப் பயன்படுத்தினாயா என்று தீர்ப்பாயம் 21-வது பிரிவில் கேட்கும்.

அதே 2008-ல் தர்சேம் சிங் வழக்கு இருக்கிறது, பென்ஷன் தொடர்ந்து நடக்கும் தவறு, லேட்டாக வந்தாலும் மூன்று வருஷ அரியருடன் கொடுக்கலாம் என்று. அது ஏற்கெனவே தகுதி உள்ளவருக்கு. உங்கள் அப்பாவுக்குப் பென்ஷனுக்கு வேண்டிய பதினைந்து வருஷம் ஆகவில்லை, குறைவை மன்னிக்கும் விதியும் ஒரு வருஷம் வரைதான் எட்டும். ஆகவே அவருக்கு டிஸ்சார்ஜே தவறு என்று நிரூபித்தால்தான் பென்ஷன்.

பாரிமுனை பக்கத்திலேயே இருக்கிறது, நேராக ஹைகோர்ட்டில் ரிட் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் சென்னையில் இருக்கும் தீர்ப்பாய அமர்வு. அங்கே தோற்றால் ஹைகோர்ட் போகலாம், 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

வியாசை_87:
சரி, ஒரு சந்தேகம். பென்ஷன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம். அட்டையாவது கிடைக்குமா?

மிண்ட்_வழக்கறிஞர்:
முன்னாள் படைவீரர் என்ற விளக்கத்தில், பென்ஷன் இல்லாமல் கிராஜுவிட்டி மட்டும் வாங்கி வெளியே வந்தவர் என்றால் ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ அனுப்பப்பட்டிருக்கக் கூடாது என்று இருக்கிறது. அதனால்தான் கவுன்டரில் அந்தக் காரண வரியைப் பார்த்துத் திருப்பினார்கள். அது மாறாமல் அட்டை மாறாது. ஆகவே மனுவில் 'கேரக்டரை மாற்றுங்கள்' என்று கேட்காதீர்கள், டிஸ்சார்ஜ் உத்தரவை ரத்து செய்யக் கேளுங்கள், அதோடு மாற்றுக் கோரிக்கையாகக் காரணத்தைத் திருத்தக் கேளுங்கள்.

பழைய_கிளார்க்:
கிராஜுவிட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்து டிஸ்சார்ஜ் ஆனவருக்கு சர்வீஸ் கிராஜுவிட்டி உண்டு. ஏ.எஃப்.பி.பி. ஃபண்ட் (படையினரின் சேமநல நிதி), குரூப் இன்ஷூரன்ஸ் பணமும் வந்ததா என்று அப்பாவின் பழைய பாஸ்புக்கில் பார். வராமலேயே கிடப்பதும் நடந்திருக்கிறது. இதற்கு வழக்கு வேண்டியதில்லை, ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம் போதும்.

காசிமேடு_கரை:
நீண்ட நாளாக எழுதவில்லை. காகிதங்கள் வந்துவிட்டன. ஷோ காஸ் நோட்டீஸ் இருக்கிறது, அப்பாவின் பதில் இருக்கிறது, நாலே வரி, 'இனி ஒழுங்காக இருப்பேன், மன்னிக்கவும்' என்று ஆங்கிலத்தில் யாரோ டைப் செய்தது. பூர்வாங்க விசாரணைக்கு 'காகிதம் எதுவும் பதிவில் இல்லை' என்று பதில். நான்கு என்ட்ரியில் மூன்று லீவ் தாண்டியது, ஒன்று ஒரு என்.சி.ஓ.விடம் (ஹவில்தார் போன்ற மேல் ரேங்க்காரர்) எதிர்த்துப் பேசியது. சுனாமி என்ட்ரியின் காகிதத்தில் காரணம் என்ற இடம் காலி. அம்மா அந்தக் காலத்து நிவாரண டோக்கனைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பாஸ்புக்கில் கிராஜுவிட்டி வந்திருக்கிறது, இன்ஷூரன்ஸ் தெரியவில்லை.

வியாசை_87:
நாலில் மூன்று லீவ்தானா. எதிர்த்துப் பேசியது தவறுதான், ஆனால் இதற்குப் பன்னிரண்டு வருஷ சர்வீசா. சரி, போடுங்கள் தம்பி. தாலுகா ஆபீசில் பழைய நிவாரணப் பட்டியல் எடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார்.

மிண்ட்_வழக்கறிஞர்:
'பதிவில் இல்லை' என்ற அந்த ஒரு பக்கத்தை மூன்று நகல் எடுத்து வையுங்கள், அசலைக் கையில் கொடுக்காதீர்கள். நடக்கவில்லை என்பதற்கு அது நேரடிச் சான்று இல்லை, நடந்தது, காகிதம் காணாமல் போனது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஷோ காஸ் நோட்டீசிலேயே விசாரணை பற்றி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் நமக்குப் பலம்.

வக்கீல் கட்டணம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஹைகோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமான வரம்புக்குள் இருந்தால் அங்கேயே வக்கீல் போட்டுத் தருவார்கள். அப்பாவை நேரில் கூட்டிப் போங்கள், வருமானச் சான்றும் கொண்டு போங்கள்.

காசிமேடு_கரை:
நோட்டீசைத் திரும்பப் படித்தேன் சார். விசாரணை என்ற பேச்சே இல்லை. 'நான்கு ரெட் இங்க் என்ட்ரி பெற்றிருப்பதால்' என்று தொடங்கி அதோடு முடிகிறது. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த வாரம் ஸ்பீட் போஸ்டில் போகும்.

பழைய_கிளார்க்:
ஸ்பீட் போஸ்டில் டெலிவரி ஆனதற்கான சான்றும் கேட்டு அனுப்பு. மேலே படை எண்ணை முன் எழுத்து, பின் எழுத்தோடு சரியாகப் போடு, கடைசி எழுத்து ஒன்று தவறினாலும் ஃபைல் வேறு ஆளிடம் போய் உட்கார்ந்துகொள்ளும். கையெழுத்து டிஸ்சார்ஜ் புக்கில் அப்பா போட்ட மாதிரியே இருக்க வேண்டும், இப்போது போடுவது வேறு என்றால் இரண்டையும் போடச் சொல்.